வேலைத்தளக் கருவிகளும் வானொலி வில்லையும்

கட்டடம் எழும்பும் வேலைத்தளத்துக்குத் தகர வேலி உண்டு, வாயில் உண்டு, வாயிலிலே காவலாளியும் உண்டு. இவையெல்லாம் இருந்தும், பொருள் வைப்பதற்கு அதைப்போற் பாதுகாப்பற்ற இடம் வேறொன்றைச் சொல்வது கடினம். தொழிற்சாலையிலே நேற்று வேலை செய்தவர்களே இன்றும் வேலை செய்கின்றனர். இயந்திரங்களும் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. வேலைத்தளத்தின் இயல்போ வேறு. இன்று அத்திவாரம் வெட்டுவோர் வருகின்றனர். அடுத்த மாதம் அவர்கள் போய்க் கம்பி கட்டுவோரும் மேசன்மாரும் வருகின்றனர். பின்னர் தச்சர், மின்னிணைப்பாளர், குழாய் பொருத்துவோர், வர்ணம் பூசுவோர் என ஒரு கூட்டம் போக மறு கூட்டம் வந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வோர் உபகொந்தராத்துக்காரர். நேற்றுப் பூட்டிவைத்த அறை இன்று நடைவழியாகிவிடுகிறது. இத்தகைய இடத்திலே, ஒரு கையால் தூக்கக்கூடியதும், சந்தையில் உடனே விலைபோகக்கூடியதும், யாருடையதென்று சொல்லும் அடையாளம் எதுவுமற்றதுமான மின்துளைப்பான் ஒன்று மாலையிற் காணாமற் போவதில் வியப்பில்லை.

ஐக்கிய அமெரிக்காவிலே களவுபோகும் கட்டட இயந்திரங்களின் பெறுமதி ஆண்டொன்றுக்கு 30 கோடி டொலரிலிருந்து 100 கோடி டொலர் வரை இருக்கலாமென அந்நாட்டின் தேசிய உபகரணப் பதிவேடு என்னும் நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. இரண்டு எண்களுக்குமிடையிலுள்ள தூரத்தை நோக்கினாலே, இவ்விடயத்தில் திட்டமான கணக்கு எவ்வளவு அரிதென்பது புலனாகும். அதனினும் கவனிக்கத்தக்கது வேறொன்று. அந்த மதிப்பீட்டிலே மண்வெட்டும் பொறி, பாரந்தூக்கி முதலிய பெரிய இயந்திரங்களே அடங்கும். கைக்கருவிகளும் கட்டடப் பொருட்களும் அதிற் சேர்க்கப்படவில்லை. துளைப்பானொன்று போனால் பொலிஸ் நிலையம் சென்று முறைப்பாடு எழுதுவோர் சிலரே. கொந்தராத்துக்காரர் அதை வேலைச் செலவோடு சேர்த்துவிடுகிறார். அந்தச் செலவு ஈற்றில் வீடு கட்டுவிப்பவரின் தலையிலே விழுகிறது.

பல நாடுகளில் தச்சரும் மின்னிணைப்பாளரும் தத்தம் சொந்தக் கருவிகளையே கொண்டுவந்து வேலை செய்வர். பிரித்தானியாவில் அத்தகைய தொழிலாளர் கருவிகளை இரவிலே தமது வேன் வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டு வாயிலில் நிறுத்துவது வழக்கம். காலையில் எழுந்து பார்க்கையில் கதவு பிளக்கப்பட்டிருந்தால், போனது கருவி மட்டுமன்று. அன்றைய கூலியும், அடுத்த கிழமைக்கு ஒப்புக்கொண்ட வேலையும் அதனோடு போகின்றன. பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேர்த்த பெட்டியை ஒரே நாளில் மீண்டும் வாங்குதல் எவர்க்கும் இயலாது.

களவுபோன கருவி அகப்பட்டாலும் உரியவரிடம் திரும்புவது அரிது என்பதே இதில் மிக வேதனையான செய்தி. பொலிஸார் ஒரு கிடங்கைச் சோதனையிட்டு நூறு கருவிகளைக் கைப்பற்றினரென்று கொள்வோம். அவற்றுள் ஒரே நிறத்தில், ஒரே வடிவத்தில், ஒரே கம்பனி செய்த துளைப்பான்கள் இருபது இருக்கும். எது எவருடையது? கருவியின் அடியிலே தொடரெண் பொறிக்கப்பட்டிருப்பது உண்மையே. ஆனால் வாங்கியவர் அந்த எண்ணைக் குறித்து வைப்பதில்லை. குறிப்பிருந்த அட்டைப்பெட்டியை அன்றைக்கே எறிந்துவிடுகிறார். உரிமையை நிலைநாட்ட வழியில்லாதபோது, நாணயத்தைப் போலவே, எவர் கையில் இருக்கிறதோ அவருடையதாகக் கருவியும் ஆகிவிடுகிறது.

இந்தத் தொல்லைக்கு முன்னோர் கண்ட பரிகாரங்கள் பல. பெயரைச் செதுக்குதல், பிடிக்குத் தனி வர்ணம் பூசுதல், இரும்புக் கூட்டுக்குள் அடைத்தல் என்பன எங்கும் உள்ளவை. அவற்றுள் இரண்டைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். ஏனெனில் இன்றைய வானொலி முறை அவ்விரண்டின் வழித்தோன்றலே. முதலாவது பித்தளை வில்லை. மேலைநாட்டு இயந்திரசாலைகளிலே ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய எண் பொறித்த சிறு பித்தளை வில்லைகள் சில கொடுக்கப்படும். கருவியறைக்குச் சென்று ஒரு கருவியைப் பெறும்போது ஒரு வில்லையை அங்கே கொடுக்கவேண்டும். கருவி தொங்கிய ஆணியிலே அந்த வில்லை தொங்கும். கருவியைத் திருப்பினால் வில்லை திரும்பும். எழுத்தும் கணக்கும் இல்லாமலே, எது எவரிடம் உள்ளதென்பதை அந்தச் சுவர் சொல்லிக்கொண்டிருக்கும். மற்றது நிழற்பலகை. பலகையொன்றில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வர்ணத்தால் வரைந்து, அவ்வுருவத்தின் மேலேயே அக்கருவியை மாட்டிவைப்பர். மாலையிலே நிழல் மட்டும் தெரிந்தால் கருவி அங்கு இல்லையென்று அர்த்தம். விமானம் பழுதுபார்க்கும் கூடங்களிலே இம்முறை மிகக் கண்டிப்பாகக் கையாளப்படுகிறது. இயந்திரத்தினுள்ளே மறந்துவிட்ட ஒரு சாவி விமானத்தையே வீழ்த்திவிடக்கூடும் அல்லவா?

நிழற்பலகையின் நுட்பம் யாதெனில், அது இருப்பதைக் காட்டுவதில்லை, இல்லாததைக் காட்டுகிறது. இக்கருத்தை நேயர்கள் மனத்திலே கொள்வது நன்று. வானொலி வில்லை பற்றிய பேச்சிலே இதுவே பின்னர் முதன்மை பெறும்.

இனி, வானொலி வில்லை என்பது யாது? கருவியின் உடலிலே ஒட்டப்பட்ட அல்லது புதைக்கப்பட்ட சிறு துண்டு அது. அதிலே இரண்டே உறுப்புகள். ஒன்று, எள்ளினும் சிறிய ஒரு நுண்சுற்று. மற்றது, அதனோடு இணைந்த மெல்லிய உலோக உணர்கொம்பு, அதாவது ஏரியல். பற்றறி எதுவும் இல்லை. அப்படியாயின் அது எவ்வாறு பேசுகிறது?

கொழும்பிலே ஒலிபரப்புத் தொடங்கிய 1925ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் உலகெங்கும் வீடுகளில் விளங்கிய படிகக் கருவியை முதியோர் சிலர் கேள்வியுற்றிருப்பர். அதற்குப் பற்றறியும் இல்லை, மின்சாரமும் இல்லை. நீண்ட கம்பியொன்றைக் கூரைமேற் கட்டி, மறு முனையை நிலத்திலே தாழ்த்தி, காதிலே ஒலிவாங்கும் கருவியை வைத்தால் பாட்டுக் கேட்கும். கேட்பதற்கு வேண்டிய சக்தியை ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளே கொண்டுவந்து கொடுத்தன. வானொலி வில்லையும் அவ்வாறே தன் உணவை அலையிலிருந்தே பெறுகிறது. வாசிப்பான் எனப்படும் கருவி அலையை வீசுகிறது. அந்த அலையின் மிகச்சிறு பகுதியை வில்லையின் உணர்கொம்பு பிடித்து நுண்சுற்றை விழிக்கச் செய்கிறது. ஒரு வாற்றின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவான சக்தியே இக்கால வில்லையொன்றுக்குப் போதியது.

விழித்த வில்லை தன் எண்ணைச் சொல்லவேண்டும். அலையை வீசி மறுமொழி கூற அதனிடம் போதிய சக்தி இல்லை. இதற்கு ஒரு சிறுவனின் விளையாட்டே விடை தருகிறது. வெயிலிலே கண்ணாடித் துண்டொன்றைப் பிடித்துச் சிறுவன் எதிர்வீட்டுச் சுவரில் ஒளியை ஆட்டுகிறான். ஒளி அவனுடையதன்று, கதிரவனுடையது. அவன் செய்வதெல்லாம் கண்ணாடியைத் திருப்புவதும் மறைப்பதுமே. வில்லையும் வாசிப்பானிடமிருந்து வந்த அலையை ஒருகணம் நன்றாகத் தெறிக்கவிட்டு, மறுகணம் தெறிப்பைக் குறைத்து, அந்த ஏற்றத்தாழ்விலேயே தன் எண்ணை அறிவித்துவிடுகிறது. வழக்கமாக இவ்வெண் 96 துணுக்குகளாலானது. அவ்வளவு துணுக்குகளைக் கொண்டு அமைக்கக்கூடிய வெவ்வேறு எண்களின் தொகையை எழுதப்புகின் 29 இலக்கங்கள் வேண்டும். ஆகையால் உலகிலுள்ள சுத்தியல்களுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்தாலும் பஞ்சம் ஏற்படாது.

தெறித்த அலையினாற் செய்தி கூறும் இந்த உபாயத்தின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது, ராடார்த் திரையிலே தோன்றும் விமானம் நட்போ பகையோ என்பதை அறிவதற்காகப் பிரித்தானிய விமானங்களிலே, அலை வந்து பட்டதும் மறுமொழி கூறும் கருவி பொருத்தப்பட்டது. 1945இலே மொஸ்கோவில் சோவியத்துச் சிறுவர் இயக்கத்தினர் அமெரிக்கத் தூதுவரான அவரெல் ஹாரிமனுக்கு மரத்திற் செதுக்கிய அமெரிக்க அரசு இலச்சினை ஒன்றைப் பரிசாக அளித்தனர். தூதுவர் மனையிலே அது சுவரை அலங்கரித்தது. 1952இலே ஆராய்ந்தபோது, அதனுள்ளே பற்றறியோ மின்கம்பியோ இல்லாத ஒலிவாங்கியொன்று மறைந்திருக்கக் கண்டனர். வெளியிலிருந்து வானொலி அலை வீசப்பட்டபோது மட்டுமே அது உயிர்பெறும். அறையிற் பேசிய பேச்சுக்கேற்பத் தெறிப்பலையை மாற்றும். அதனை ஆக்கியவர் லெவ் தெரமின் என்னும் ரஷ்யப் பொறியியலாளர். கையாற் தொடாமலே வாசிக்கும் இசைக்கருவி ஒன்றைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர். 1960இலே ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்கப் பிரதிநிதி அந்த இலச்சினையை யாவரும் காணத் தூக்கிக் காட்டினார். களவாய்க் கேட்பதற்குப் பிறந்த வித்தை, இன்று களவைத் தடுப்பதற்கு அழைக்கப்படுகிறது.

1948இலே ஹரி ஸ்ரொக்மன் என்பவர் தெறித்த சக்தியாற் செய்தி அனுப்புதல் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார். ஆயினும் திரான்சிஸ்டர் அப்பொழுதுதான் பிறந்த குழந்தை. சிறிய நுண்சுற்றுகள் வருமுன் அக்கருத்து நடைமுறைக்கு வருதல் இயலாதிருந்தது. 1973இலே மரியோ கார்டுலோ என்பவர் ஞாபகசக்தியுள்ள வில்லையொன்றுக்கு அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் சார்ள்ஸ் வோல்ற்றன் என்பவர், சாவியின்றிக் கதவு திறக்கும் வானொலி அட்டைக்குக் காப்புரிமை பெற்றார். அலுவலகங்களிலே கதவருகே அட்டையைக் காட்டி உள்ளே செல்பவர்கள் இன்றும் அந்த வழியிலேயே செல்கின்றனர்.

வில்லைகள் எல்லாம் ஒரே குணமுடையன அல்ல. வேற்றுமை அவை கையாளும் மீடிறனிலே, அதாவது அலை ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கிறது என்பதிலே தங்கியுள்ளது. ஏறத்தாழ 125 கிலோ ஹேட்ஸில் இயங்குபவை சில அங்குலத் தூரத்துக்கே பேசும். ஆனால் ஈரத்துக்கும் அழுக்குக்கும் அஞ்சா. கால்நடைகளின் அடையாள வில்லைகள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. 13.56 மெகா ஹேட்ஸில் இயங்கும் அட்டைகள் கையெட்டும் தூரத்துக்கு ஏற்றவை. கருவிகளைக் கூட்டமாக எண்ணுவதற்கு உகந்தவை 860 முதல் 960 மெகா ஹேட்ஸ் வரையிலுள்ள வில்லைகளே. ஐரோப்பாவில் 865 முதல் 868 வரையும், அமெரிக்காவில் 902 முதல் 928 வரையும் இவற்றுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. நல்ல நிலையில் இவை பல மீற்றர் தூரத்திலிருந்து மறுமொழி கூறும். தூரம் இருமடங்கானால் வில்லைக்குக் கிடைக்கும் சக்தி நாலிலொன்றாகிவிடுமாகையால், அதற்கும் அப்பால் எட்டச்செய்வது எளிதன்று.

பெட்டியிலுள்ள நாற்பது கருவிகளும் ஒரே நேரத்திலே குரல் கொடுத்தால் வாசிப்பானுக்கு என்ன விளங்கும்? சந்தை இரைச்சலே மிஞ்சும். இதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வாசிப்பான் ஓர் எல்லையைக் கூறுகிறது. ஒவ்வொரு வில்லையும் அந்த எல்லைக்குள் ஓர் எண்ணைக் குலுக்கலாகத் தெரிந்து, தன் முறை வரும்வரை மௌனமாயிருக்கிறது. இரண்டு வில்லைகள் ஒரே எண்ணைத் தெரிந்து மோதிக்கொண்டால் மீண்டும் குலுக்குகின்றன. பதில் கூறி முடித்தது அமைதியடைகிறது. செக்கனுக்கு நூற்றுக்கணக்கான வில்லைகளை இவ்வாறு எண்ணிவிடலாம். 2004இன் இறுதியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சர்வதேச நியமம் இம்முறையை வகுத்துள்ளது. இதன் மூலக்கருத்து 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தினர் தீவுகளுக்கிடையே கணிப்பொறிச் செய்திகளை வானொலி வழி அனுப்பியபோது உருவானது. கட்டட வேலைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்!

இதுவரை கேட்டவர்கள், வாயிலிலே ஒரு வாசிப்பானை நிறுத்திவிட்டாற் போதுமே, கருவியோடு வெளியே செல்பவன் அகப்பட்டுக்கொள்வானே என்று எண்ணக்கூடும். புத்தகக் கடைகளிலும் துணிக்கடைகளிலும் அவ்வாறே செய்யப்படுகிறது. ஆனால் வேலைத்தளக் கருவி துணியன்று, இரும்பு. வானொலி அலைக்கு இரும்பைப் போன்ற பகை வேறில்லை. உலோகத்தின் மேற்பரப்பிலே வந்து படும் அலை தலைகீழாகத் தெறித்து, வரும் அலையோடு மோதி அதனை அழித்துவிடுகிறது; உலோகத்தை ஒட்டிய மெல்லிய படையிலே அலை ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். சாதாரண காகித வில்லையைச் சுத்தியலின் தலையில் ஒட்டினால் அது ஊமையாகிவிடும். 866 மெகா ஹேட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். அதன் காற்பங்கு, அதாவது 9 சென்ரிமீற்றர் தள்ளி வைத்தால் வில்லை நன்றாகப் பேசும். ஆனால் நான்கு விரற்கடை உயரத்துக்குப் புடைத்துக்கொண்டிருக்கும் துளைப்பானை எவர் பிடித்து வேலை செய்வார்? ஆகவே பொறியியலாளர் வேறு வழி தேடினர். பீங்கான் அல்லது பிளாஸ்டிக்குத் துண்டொன்றை இடையில் வைத்து, அடியிலுள்ள இரும்பையே உணர்கொம்பின் ஒரு பகுதியாகக் கொள்ளும்படி வில்லையை அமைத்தனர். அத்தகைய வில்லை காகித வில்லையைப் போற் சில சதத்துக்குக் கிடைப்பதன்று, பன்மடங்கு விலையுடையது. எண்ணெய், சீமெந்துத் தூசி, உயரத்திலிருந்து விழும் அடி ஆகிய யாவற்றையும் அது தாங்கவேண்டும் என்பதும் விலையை உயர்த்துகிறது.

உலோகம் அலையை மறைக்கிறதென்பதைத் திருடனும் அறிவான். சமையலறையில் உணவு சுற்றும் அலுமினியத் தாளொன்று போதும். அதிலே கருவியைச் சுற்றி எடுத்துச் சென்றால் வாயிலிலுள்ள வாசிப்பான் எதனையும் கேளாது. எதனையும் கேளாமை அதற்கு வழக்கமான நிலையாதலால், அது ஐயுறவும் மாட்டாது. காவலாளி நித்திரை செய்ததற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

இங்கேதான் நிழற்பலகை மீண்டும் வருகிறது. 2008இலே அமெரிக்காவின் ஃபோர்ட் மோட்டார்க் கம்பனியும், கருவி செய்வோரான டிவோல்ட் கம்பனியும், திங்மஜிக் என்னும் வாசிப்பான் செய்யும் கம்பனியும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டை அறிவித்தன. 2009ஆம் ஆண்டு மாதிரியான சிறு லொறி வண்டிகளுக்கு விரும்பியோர் பெறக்கூடியதாக அது வந்தது. டூல் லிங்க் என்பது அதன் பெயர். வண்டியின் பின்தட்டிலே உணர்கொம்புகள் பொருத்தப்பட்டிருந்தன. கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லை. சாரதியின் முன்னே ஒரு திரை. இன்றைய வேலைக்கு வேண்டியவை இன்னின்ன என்று ஒரு பட்டியலை முன்கூட்டியே அதில் அமைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து வண்டியில் ஏறுகையில், பின்தட்டிலே எவை உள்ளன, எவை இல்லை என்பதைத் திரை காட்டிவிடும்.

இந்த ஏற்பாட்டிலே தாளிற் சுற்றும் தந்திரம் பலிக்காது. சுற்றிய கருவியும் பேசாது. பேசாத கருவி இல்லாத கருவியாகவே கணக்கில் விழும். வாயில் முறையிலே மௌனம் என்பது நலமென்று கொள்ளப்பட்டது. பட்டியல் முறையிலே மௌனமே எச்சரிக்கை. வில்லை பழுதடைந்தாலும், கழன்று விழுந்தாலும், வேண்டுமென்றே பிடுங்கப்பட்டாலும் அதே எச்சரிக்கைதான் எழும். சிலவேளை பெட்டியின் அடியிலே புதைந்து கிடக்கும் கருவியை இல்லையென்று அது தவறாகச் சொல்லக்கூடும். அப்போது ஒருவர் கையைவிட்டுத் துழாவிப் பார்க்கவேண்டியதே. பிழை செய்தாலும் எச்சரிக்கும் பக்கமாகப் பிழைசெய்யும் கருவியே காவலுக்கு ஏற்றது.

இவ்வகைக் கணக்கினாற் கிடைத்த இன்னொரு பயனை முதலிற் பலர் எதிர்பார்த்திருக்கமாட்டார். வேலைத்தளத்திற் காணாமற் போவன யாவும் களவு போவன அல்ல. நாலாம் மாடியில் சாளரப் படியிலே மறந்துவிட்டது ஒன்று. மற்றொரு குழுவினர் ஒருமணி நேரத்துக்கென வாங்கிச் சென்று தம் பெட்டியோடு கொண்டுபோனது ஒன்று. மண்ணுக்குள் மூடுண்டது ஒன்று. மாலை ஐந்து மணிக்கே இல்லையென்று தெரிந்தால், ஆட்கள் கலையுமுன் தேடலாம். எடுத்தவர் திருப்பிக் கொடுக்கலாம். மூன்று கிழமை கழித்து, அடுத்த வேலைக்கு எடுக்கப்போகும்போது தெரிந்தால் எவரைக் கேட்பது? அதற்குள் இரண்டு கூட்டம் வந்து போயிருக்கும்.

இப்போது பற்றறியுள்ள வில்லைகளும் பரவியுள்ளன. இவை தாமாகவே அலை வீசக்கூடியன; புளூரூத் என்னும் முறையிலே அருகிலுள்ள கைத்தொலைபேசிக்குத் தம் இருப்பிடத்தை அறிவிப்பன. பற்றறி தீர்ந்தால் இவையும் ஊமையே. கருவி செய்யும் கம்பனிகள் சில, இத்தகைய தொடர்பைத் துளைப்பானின் உள்ளேயே அமைத்து, உரியவர் தொலைபேசி மூலம் கட்டளையிட்டால் கருவி இயங்க மறுக்கும்படியும் செய்துள்ளன. 2022இன் இறுதியில் அமெரிக்காவின் லோவ்ஸ் என்னும் வியாபாரத் தாபனம் இதே வழியில் வேறொரு பரிசோதனையை அறிவித்தது. கடையிலே விற்பனைக்கு வைக்கும் மின்கருவியின் உள்ளே வானொலி வில்லை ஒன்று புதைக்கப்பட்டிருக்கும். விலை கொடுக்கும் இடத்திலே அந்த வில்லையில் ஓர் இரகசியத் திறவெண் எழுதப்பட்டாலன்றிக் கருவி சுழலாது. தட்டிலிருந்து தூக்கிச் சென்றவன் கையிலே மிஞ்சுவது பாரமான ஒரு பிளாஸ்டிக்குப் பொருள். திருடனைப் பிடிப்பதைவிடத் திருட்டுப்பொருளைப் பயனற்றதாக்குதல் எளிதென்பது இதன் தத்துவம். ஆனால் கையுளிக்கும் சுத்தியலுக்கும் இது பொருந்தாது. அவற்றை எந்த எண்ணாலும் பூட்டிவைக்க இயலாது.

பிரித்தானியாவிலே பெரிய இயந்திரங்களைப் பொறுத்தவரை வேறொரு பக்கத்திலிருந்து இப்பிரச்சினை அணுகப்பட்டது. அங்கே 2007இலே கட்டட உபகரணச் சங்கத்தினர் சீசர் எனச் சுருக்கமாக வழங்கும் பதிவுத் திட்டமொன்றைத் தொடங்கினர். இயந்திரத்தின் வெளியே யாவரும் காண முக்கோண வடிவான எண்தகடு. உள்ளே எவரும் காணாத இடங்களிலே வானொலி வில்லைகளும், கண்ணுக்குப் புலப்படாத நுண்புள்ளிகளும். தகட்டைக் கழற்றியவன் வில்லை எங்குள்ளதென்று அறியான். சந்தேகத்துக்குரிய இயந்திரம் ஒன்றைத் தெருவிலே மறித்த பொலிஸார் வாசிப்பானை அதன்மேற் செலுத்தி, கிடைத்த எண்ணைப் பதிவேட்டிலே பார்த்து உரியவரை அறியலாம். கிடங்கிலே குவிந்துகிடந்த இருபது துளைப்பான்களின் கதைக்கு விடை இதுவே. வில்லைக்குள்ளே உரிமையாளரின் பெயர் இல்லை. வெறும் எண்தான் உள்ளது. அந்த எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது வேறெங்கோ ஒருவர் சோராமல் எழுதிவரும் பதிவேடு. பதிவேடு பழுதானால் வில்லையாற் பயனில்லை.

அந்நாட்டிலே 2023 ஜூலையில் நிறைவேறிய உபகரணக் களவுத் தடுப்புச் சட்டம், புதிதாக விற்கப்படும் சிலவகை வண்டிகளிலும் உபகரணங்களிலும் இயங்காமற் தடுக்கும் அமைப்பும் அழியா அடையாளமும் இருத்தல் வேண்டுமென விதிகள் ஆக்குவதற்கு அமைச்சருக்கு அதிகாரம் அளித்தது. கமக்காரர் கையாளும் நாற்சில்லு வண்டிகளே அதன் முதல் நோக்கம். வர்த்தகத் தொழில்களுக்கான ஏனைய உபகரணங்களுக்கும் விரிக்கத்தக்கவாறு அது எழுதப்பட்டது.

இனிச் சொல்லவேண்டியது பொருளைப் பற்றியதன்று, ஆட்களைப் பற்றியது. வேலைத்தளத்திலே ஒரு கருவி காணாமற் போனால் ஐயம் முதலில் எவர்மேல் விழுகிறது? மேற்பார்வையாளர்மேல் விழுவதில்லை, கொந்தராத்துக்காரரின் மைத்துனர்மேலும் விழுவதில்லை. நாட்கூலிக்கு வந்தவன்மேல், புதிதாய்ச் சேர்ந்தவன்மேல், வேற்றூரிலிருந்து வந்தவன்மேல் விழுகிறது. மாலையில் அவனுடைய சோற்றுப்பை அவிழ்த்துப் பார்க்கப்படுகிறது. சான்று இல்லாமலே மறுநாள் அவனுக்கு வேலை இல்லையென்று சொல்லப்படுகிறது. ஒரு மாதம் கழித்து அந்தக் கருவி பலகைக் குவியலின் அடியிலே கிடந்து எடுக்கப்பட்டால், போனவனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்பவர் எவருமில்லை. கருவிக்கு ஒழுங்கான கணக்கு இருக்குமாயின், கடைசியாக அது எண்ணப்பட்ட நேரம் தெரியும். பெற்றவர் யாரென்பது தெரியும். அவன் பையை அவிழ்க்கவேண்டிய தேவையும் பெரும்பாலும் அற்றுப்போகும். பித்தளை வில்லையும் இதே நன்மையைச் செய்தது. கருவியைத் திருப்பித் தன் வில்லையைக் கையிலே பெற்றுக்கொண்ட தொழிலாளியை எவரும் குற்றஞ்சாட்ட முடியாதிருந்தது.

ஆயினும் பித்தளை வில்லைக்கும் வானொலி வில்லைக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பித்தளை வில்லையைத் தொழிலாளி தன் கையாலேயே கொடுத்தான். தன் கையாலேயே வாங்கினான். ஆணியிலே தொங்கியதை அவனும் கண்டான். வானொலி வில்லையோ எவரும் அறியாமலே எண்ணப்படுவது. எண்ணிய கணக்கு கந்தோரிலுள்ள கணிப்பொறியிலே தங்கிவிடுகிறது. கருவியில் ஒட்டிய வில்லை, அக்கருவியைப் பிடித்திருப்பவன் எந்த மாடியில் எவ்வளவு நேரம் நின்றான் என்பதையும் ஒருவாறு சொல்லிவிடும். வாயிலுக்கென அவனுக்குக் கொடுத்த அட்டை மிச்சத்தையும் சொல்லும். கருவியைக் காப்பதற்கென வைத்த கணக்கு, தேநீர் அருந்தச் சென்ற நிமிடங்களை எண்ணும் கணக்காக மாறுவதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. கணக்கைப் பார்ப்பவரின் எண்ணம் மாறினாற் போதும். ஆகவே இம்முறையைக் கொண்டுவரும் கொந்தராத்துக்காரர் இரண்டு காரியங்களைத் தொடக்கத்திலேயே செய்யவேண்டியவராகிறார். வில்லை கருவிக்கேயன்றி ஆளுக்கு அன்று என்பதை வெளிப்படையாகச் சொல்லுதல் ஒன்று. மாலையிலே எண்ணி முடிந்த பட்டியலை, கருவியைப் பெற்றவரும் பார்த்து ஒப்புக்கொள்ளும்படி செய்தல் மற்றது. அவ்வாறு பார்த்துச் சென்றவன் மீது மறுநாட் காலையிலே பழி சுமத்த இயலாது.

சொந்தப் பெட்டியோடு வேலைக்குப் போகும் தனித் தொழிலாளிக்கு, வாசிப்பானும் கணிப்பொறியும் எட்டாத விலையில் இருக்கலாம். அவருக்கும் இதில் ஒரு பகுதி இலகுவாகக் கிடைக்கும். கருவி ஒவ்வொன்றின் தொடரெண்ணையும் ஒரு கொப்பியிலே எழுதி, வாங்கிய பற்றுச்சீட்டை அதனோடு சேர்த்து, கருவியின் படத்தையும் எடுத்து வீட்டிலே வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் மூடியின் உட்புறத்திலே கருவிகளின் உருவங்களை வர்ணத்தால் வரைந்துகொள்ளலாம். நாளின் முடிவிலே மூடியைத் திறந்து ஒருமுறை நோக்குவதற்கு அரை நிமிடம் செல்லும். இருள் சூழுமுன் அந்த அரை நிமிடம் கழியவேண்டும்.